மூணாவது தலகாணி

முதலில் மாறினது தலகாணிக் கணக்குதான். அம்மாவுக்கு எப்போதும் ஒன்று, அதுவும் இலவம்பஞ்சு போட்டுத் தட்டையாகிப் போன ஒன்று. போன வருஷம் சித்திரை வாக்கில் அதன் மேல் ரெண்டாவது ஏறியது. ஆனி மாசம் என் பையன் கட்டிலில் இருந்து மூணாவதும் போய்விட்டது. "ஆயா என் தலகாணிய எடுத்துக்கிச்சு" என்று வந்து நின்றான். அவனுக்குப் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்துப் பஞ்சாயத்தை முடித்தேன். ஒரு மனுஷிக்குப் படுக்க எதற்கு மூணு தலகாணி என்று யாருமே கேட்கவில்லை. இப்போது அம்மாவின் இதயத்துக்காக எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வியே அதுதான்.

அம்மாவுக்கு 74 வயசு. வில்லிவாக்கத்தில் ரெண்டாவது மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. இருபது வருஷமாக பிரஷர், பதினைந்து வருஷமாக சுகர், எப்போதும் முட்டி வலி. செவ்வாய்க்கிழமை தவறாமல் அகஸ்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுவார். பத்து நிமிஷ நடை. அது இருபது நிமிஷம் ஆனதை எனக்குச் சொன்னது பூக்கடைக்கார அம்மாதான். "முன்னல்லாம் நின்னுகூட பேச மாட்டாங்கப்பா. இப்ப வந்ததும் ஸ்டூல் கேக்கறாங்க." நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "வயசாயிடுச்சில்லக்கா."

அதே பதிலைத்தான் எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஆனால் ஹவாய் செருப்பு வார் காலில் பதிந்து பள்ளமாகத் தெரியும். வயசு. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போவார். சுகர். படுத்தால் வறட்டு இருமல். சளி. ரெண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை, வயிறு உப்பின மாதிரி இருக்கிறது என்றார். கேஸ். தெருமுனை கிளினிக்கில் வீசிங் என்று சொல்லி மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை கொடுத்தார்கள், இருமல் டானிக் எழுதினார்கள். ஆறு வாரம் அப்படியே ஓடியது. வயசு என்பது வருஷக் கணக்கில் ஏறுகிற சமாச்சாரம். ஆறு வாரத்தில் ரெண்டு தலகாணி ஏறினால் அது வயசு இல்லை. இந்தச் சின்னக் கணக்கு அன்றைக்கு எனக்கு வரவில்லை.

ஆடி மூணாவது ஞாயிறு எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வருஷா வருஷம் கருவாட்டுக் குழம்பு அம்மா பொறுப்பு. கேழ்வரகுக் கூழ், வஞ்சிரக் கருவாடு போட்ட குழம்பு, முருங்கைக்கீரை, மோர் மிளகாய். ஞாயிறு மதியம் சாப்பிட்டது போதாதென்று திங்கட்கிழமை பழங்குழம்பும் ஆச்சு. கருவாட்டுக் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

திங்கள் ராத்திரி ரெண்டரை மணி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஐந்தில் ஓடுகிறது, உடம்பெல்லாம் சில்லென்று வேர்வை. "காத்து பத்தலடா" என்றார். அதைச் சொல்லவே மூணு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். தொண்டையில் கொதிக்கிற சோற்றுப்பானை மாதிரி ஒரு சத்தம். நான் செய்த முதல் காரியம் அவரைப் படுக்க வைக்கப் பார்த்ததுதான். என் கையைத் தட்டிவிட்டார். அந்தத் தள்ளலில் இருந்த பலத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

108 வந்தது. வந்த தம்பி மேலே ஏறி வந்து பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "யாரும் படுக்க வைக்காதீங்க சார். உக்காந்த மேனிக்கே தூக்கணும்." பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் இடுப்பைக் கட்டி, நாலு பேர் ரெண்டு மாடி இறக்கினோம். ஆக்சிஜன் வைத்து, காலைத் தொங்கப் போட்டு, உட்கார வைத்தே கொண்டுபோனார்கள். படுத்தால் ஏன் மோசமாகிறது என்று அப்புறம் புரிந்தது. பகலெல்லாம் காலில் தேங்கின நீர் படுத்ததும் ரத்தத்தோடு மேலே ஏறுகிறது. ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கிற இதயத்துக்கு அது கூடுதல் பாரம். வாங்க இடமில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது. மூணு தலகாணி வைத்து அம்மா தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில், தேங்கின நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற லாசிக்ஸ் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். சிறுநீர்ப் பையில் விடியற்காலைக்குள் ஒன்றே முக்கால் லிட்டர். பை நிரம்ப நிரம்ப அம்மாவின் பேச்சு முழு வாக்கியமாகத் திரும்பியது. காலை ஏழு மணிக்கு டாக்டரம்மா வந்தார், காலைப் பார்த்தார், கணுக்காலுக்கு மேலே எலும்பு மீது கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ணும் வரை அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி. அது மேடாவதற்குள் அவர் எக்ஸ்ரேயையும் பார்த்து முடித்துவிட்டார். "ஹார்ட் ஃபெயிலியர்" என்றார்.

இந்த வார்த்தையைப் பற்றி ஒரு நிமிஷம் பேச வேண்டும். நம்மூரில் "ஹார்ட் ஃபெயில்ல போயிட்டாரு" என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். ஆரணியில் இருக்கும் தங்கச்சிக்கு நான் போனில் இதைச் சொன்னதும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் இருந்தெல்லாம் ஓடி வந்திருக்கிறார்கள். பத்திரிகைகளில் எழுதுகிற "இதயச் செயலிழப்பு" அதைவிட மோசம், படித்தால் நின்றே போய்விட்ட மாதிரி இருக்கிறது. நிற்கவில்லை. இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, உடம்பு கேட்கிற அளவுக்கு ரத்தத்தை அனுப்ப முடியவில்லை, அல்லது அனுப்பப் பெரும்பாடு படுகிறது. அனுப்பாதது பின்னால் தேங்கி நுரையீரலிலும் காலிலும் வயிற்றிலும் நீராக நிற்கிறது. ஹார்ட் அட்டாக்கும் இது இல்லை. அட்டாக் என்பது ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. அது வந்தவர்களுக்கு இது பின்னால் வரலாம், அது வராமலே அம்மாவைப் போல பிரஷரும் சுகரும் வருஷக்கணக்கில் தேய்த்தும் வரலாம். "இதயத் தளர்ச்சி" என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் தங்கச்சி அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். எட்டு மாசம் முன்பு, மார்கழியில், ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்திருந்தோம். அந்தக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். "பாருங்க மேடம், இ.எஃப். 62 பர்சென்ட், நார்மல்னு போட்டிருக்கே. எப்படி ஃபெயிலியர் ஆகும்?" அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணி ஜக்கையும் டம்ளரையும் காட்டினார். "இதுல பாதி ஊத்தினாலும் பாதிதான், அதுல பாதி ஊத்தினாலும் பாதிதான். தண்ணி ஒண்ணா?"

அம்மா கட்டிலில் இருந்தபடியே அதைப் பிடித்துக்கொண்டார். "குடத்துல பாதி, சொம்புல பாதி. அதானம்மா?"

அதேதான். இ.எஃப். என்பது உள்ளே வந்து நிறைந்த ரத்தத்தில் எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்கிற சதவீதம். 50க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல கணக்கு. 40ம் அதற்குக் கீழேயும் என்றால் தள்ளும் பலம் குறைந்த வகை. ஆனால் வருஷக்கணக்கான பிரஷரால் இதயச் சுவர் தடித்து விறைத்துப்போனால், தள்ளுவது ஒழுங்காக நடக்கும், விரிந்து வாங்கிக்கொள்வதுதான் நடக்காது. உள்ளே வருவதே சொம்பளவு. அதில் 62 சதவீதம் தள்ளி என்ன பிரயோஜனம்? வயசான பெண்களுக்கு, அதிலும் பிரஷர், சுகர், உடல் பருமன் உள்ளவர்களுக்கு, அதிகம் வருவது இந்த விறைத்த வகைதான். அம்மாவின் பழைய ரிப்போர்ட்டிலேயே கீழே சின்ன எழுத்தில், இடது மேலறை பெரிதாக இருக்கிறது, விரிவதில் குறை இருக்கிறது என்று போட்டிருந்தது. நானும் படிக்கவில்லை, அன்றைக்கு எங்களை அனுப்பி வைத்தவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "இ.எஃப். நார்மல்" என்ற ஒரு வரியோடு எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சந்தேகம் தீர ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, என்.டி. புரோ பி.என்.பி. என்று பெயர். இதயச் சுவர் இழுபடும்போது ரத்தத்தில் கலக்கிற பொருள். மூச்சுத் திணறலோடு அவசரமாக வருகிறவருக்கு அது 300க்குக் கீழே இருந்தால் ஹார்ட் ஃபெயிலியராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அம்மாவுக்கு 3,000 தாண்டியிருந்தது. ஆறு வாரம் வீசிங் என்று அலைந்த காலத்தில் இதை ஒருமுறை எடுத்திருக்கலாம்.

ரெண்டாவது நாள் டாக்டரம்மா, "வீட்ல இருக்கற எல்லா மாத்திரையும் பையோட கொண்டாங்க, பாதி சாப்பிட்ட அட்டை, நாட்டு மருந்து, எதையும் விடாம" என்றார். மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போய்க் கட்டிலில் கொட்டினேன். இந்த நோயில் நான் கற்ற பாதி விஷயம் அந்தக் கட்டிலின் மேல்தான் கிடந்தது.

முதலில் எடுத்து ஓரமாக வைத்தது முட்டி வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக். மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் ரெண்டு மாசமாக அம்மா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எங்களுக்கே தெரியாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கச் செய்யும், நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். ரெண்டாவது, சுகர் மாத்திரை. மூணு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, அதில் ஒன்று பயோகிளிட்டசோன். சுகருக்கு நல்லதுதான், ஆனால் உடம்பில் நீர் கோக்க வைக்கும், இதயத் தளர்ச்சி உள்ளவருக்கு ஆகாது. பல வருஷம் முன்பு எழுதியது, பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூணாவது அம்லோடிபின், பிரஷருக்கு. அதுவும் கால் வீக்கம் தரும், ஆனால் மூச்சிரைப்பு தராது, வேறு வகை வீக்கம் அது. வாயுவுக்கு வாங்கி வைத்த சோடா உப்புப் பொடியும், தண்ணியில் போட்டால் நுரைக்கிற மாத்திரையும் கடைசியாக வந்தன. ரெண்டிலும் சோடியம்.

இதோடு ஞாயிற்றுக்கிழமைக் கருவாடு. ஆக, இதயம் ஒரு பக்கம் தளர்ந்திருக்க, வீட்டில் நாலு பக்கமிருந்தும் தண்ணி கட்டியிருக்கிறோம்.

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். போகும்போது 66.8 கிலோ, வரும்போது 61.4. போன ஐந்து கிலோவும் கொழுப்பு இல்லை, தண்ணி. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அவ்வளவுதான் கணக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல் அந்த 61.4ஐ டாக்டரம்மா பேனாவால் வட்டம் போட்டு, "இதான் உங்க வீட்டு நம்பர்" என்றார். டிஜிட்டல் எடை மிஷின் ஒன்று வாங்கினோம். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இத்தனை ஸ்கேனும் டெஸ்டும் பார்த்தாகிவிட்டது, எங்களை மறுபடி ஆம்புலன்ஸ் ஏறவிடாமல் வைத்திருப்பது இந்த மிஷின்தான்.

காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், நைட்டியோடு ஏறி நிற்க வேண்டும். மிஷின் டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், மிதியடி மேல் வைத்தால் பொய் சொல்லும். நான் ஒரு நோட்டு வாங்கி, கட்டம் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். மூணு நாளில் அதைக் காணோம். அம்மா தானாகவே தினசரி காலண்டரில் எழுத ஆரம்பித்திருந்தார். ராசிபலனுக்குப் பக்கத்தில் எடை. தாளைக் கிழித்து மசாலா டப்பாவில் சேர்த்து வைப்பார். டாக்டரிடம் போகும்போது அந்தக் கட்டை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப்போவார். "ஐப்பசி பதினாலு, மேஷத்துக்கு அலைச்சல், 61.6" என்று அவர் படிப்பதைக் கேட்க டாக்டரம்மாவுக்கும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

எங்களுக்குச் சொன்ன விதி: ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, மூணு நாளில் ரெண்டு கிலோ ஏறினாலோ, மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் போன் பண்ண வேண்டும். எடைதான் முதலில் ஏறும். வீக்கம் அப்புறம். மூச்சு கடைசி.

கார்த்திகையில் அது நிரூபணம் ஆச்சு. திருவள்ளூர் பக்கம் ஒரு கல்யாணம். போய் வந்த மறுநாள் 62.3, அதற்கு மறுநாள் 63.5. மண்டபச் சாப்பாடு, அப்பளம், ஊறுகாய், எல்லாம் தெரிந்த கதை. ஆனாலும் ஒருநாள் சாப்பாட்டுக்கு ரெண்டு கிலோவா? என் மனைவி துருவித் துருவிக் கேட்டதில் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாளில் இருந்தே அம்மா நீர் மாத்திரையை விட்டுவிட்டார். வேனில் மூணு மணி நேரம், மண்டபத்தில் பாத்ரூம் எப்படி இருக்குமோ, "அத்தனை பேர் முன்னாடி எழுந்து எழுந்து ஓட முடியுமா?" அதுமட்டுமில்லை, செவ்வாய்க்கிழமைகளிலும் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பொம்பளை ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று பெரியவர்களைத் திட்டுகிறவர்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். நான் கேட்டதில்லை.

போன் பண்ணினோம். மூணு நாளைக்கு டோஸைக் கூட்டச் சொன்னார், இறங்கிவிட்டது. செவ்வாய்க்கும் வழி சொன்னார்: விடக் கூடாது, நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். கோயில் போய்விட்டு வந்து பத்து மணிக்குப் போட்டுக்கொள்ளலாம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வேண்டாம், ராத்திரித் தூக்கம் போய்விடும். பாத்ரூம் அவசரத்தில் இருட்டில் எழுந்து விழுவது இந்த வயசில் இதயத்தைவிடப் பெரிய ஆபத்து என்றார்.

உப்பு விஷயம் வீட்டில் ஒரு யுத்தம். ஐம்பது வருஷம் சமைத்த கையிடம் போய் உப்பைக் குறை என்றால்? "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று கரண்டியை வைத்துவிட்டு ரெண்டு நாள் சமையலறைப் பக்கமே வரவில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, தலை தட்டின ஒரு சின்ன ஸ்பூன். நம் வீட்டில் சாம்பாருக்கு மட்டும் எவ்வளவு போகிறது என்று அளந்து பாருங்கள். கடைசியில் அம்மாவே ஒரு சமாதானத்துக்கு வந்தார். பழைய குங்குமச் சிமிழ் ஒன்றைக் கழுவி, அவருடைய ஒருநாள் உப்பைக் காலையில் அதில் போட்டு வைத்துவிடுவார். குழம்பு உப்பில்லாமல் கொதிக்கும், அவர் பங்கைத் தனியே எடுத்துச் சிமிழில் இருந்து போட்டுக்கொள்வார், மிச்சத்துக்கு எங்கள் உப்பு. மிளகு, சீரகம், எலுமிச்சை, வறுத்து அரைத்த மல்லி என்று கையைத் திருப்பினார். ஒரு மாசத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஹோட்டல் சாம்பார் கரிக்கிறது என்கிறார்.

மறைந்திருந்த உப்புதான் தொல்லை. அப்பளத்தில் உப்பு மட்டுமில்லை, அப்பளக் காரமும் சோடியம்தான். இட்லி மாவில், பிஸ்கட்டில், ரொட்டியில், ஊறுகாயில், இட்லிப் பொடியில். சித்தி ஒரு கிலோ இந்துப்பு வாங்கி வந்தார், "இது உடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்று. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், நிறம் வேறு. மச்சான் வாங்கி வந்தது இன்னும் ஆபத்து, சோடியம் குறைந்த உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். அம்மா சாப்பிடுகிற ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கிற மருந்து. ரெண்டும் சேர்ந்து பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அதனால்தான் அந்த மாத்திரை ஆரம்பித்த ஒரு வாரத்திலும் ஒரு மாசத்திலும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தினம் ஒரு இளநீர் என்று யாராவது அன்போடு கொண்டு வந்தாலும் இதே கதைதான், இளநீரில் பொட்டாசியம் அதிகம். வருகிற சொந்தக்காரர்களிடம் இதை விளக்கி முடிவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

மாத்திரைகளில் புதுசாக வந்தது டாபாகிளிஃப்ளோசின். சுகர் மாத்திரையாக வந்தது, பிறகு இதயத் தளர்ச்சிக்கும் கேட்கிறது என்று தெரிந்தது. விறைத்த வகைக்கு ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பதை இந்தக் குடும்பத்து மருந்துகள் குறைக்கின்றன என்று தெளிவாகக் காட்டின பெரிய ஆய்வுகள் 2021, 2022ல்தான் வந்தன. அம்மாவுக்கு இந்த நோய் அதற்கு ரொம்ப முந்தி வந்திருந்தால் வைத்தியம் நீர் மாத்திரையோடும் பிரஷர் கட்டுப்பாட்டோடும் நின்றிருக்கும். இந்தியாவில் அதன் முதல் காப்புரிமை 2020ல் முடிந்து நம்மூர்க் கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்ததால் விலையும் கைக்கு எட்டுகிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிற மருந்து என்பதால் அந்த இடத்தில் அரிப்பு வரலாம். அம்மாவுக்கு வந்தது. மூணு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி துணி துவைக்கும்போது சந்தேகப்பட்டு, "அத்தை, எங்கிட்ட என்ன வெக்கம்?" என்று கேட்ட பிறகுதான் வந்தது. ஒரு களிம்பில் சரியாயிற்று. அதற்குள் மாத்திரையையே நிறுத்திவிடும் யோசனையில் இருந்தார். வீட்டில் ஒரு பெண் இருந்ததால் தப்பித்தோம், நானாக இருந்தால் சொல்லியே இருக்க மாட்டார். தங்கச்சி அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போனில் அம்மாவிடம் தனியாக, என்னை வெளியே அனுப்பிவிட்டு, பேசுகிறாள்.

நாங்கள் செய்த இன்னொரு தப்பு கத்திரி வெயிலில். எடை 60.5, 60.1, 59.6 என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஏறினால் பயம், இறங்கினால் சந்தோஷம் என்றுதான் மூளை பழகியிருந்தது. "சூப்பர்ம்மா" என்று கைகூடத் தட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சோபாவில் இருந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிரஷரின் மேல் எண் 96தான். நாக்கு காய்ந்து கிடந்தது. வெயிலில் வேர்வையாக ஓடுகிறது, பசியில்லாமல் அரைச் சாப்பாடு, ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணி வேண்டாம் என்று ஆடியில் சொன்னதை வைகாசியிலும் பிடித்துக்கொண்டிருந்தோம், மாத்திரை அதே டோஸ். சிறுநீரகம் திணறுவதைக் காட்டுகிற கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. நீர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, தண்ணி அளவையும் கூட்டினார். வீட்டு நம்பரில் இருந்து ரெண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் என்று வந்தாலும் அன்றைக்கே கூப்பிடச் சொல்லியிருக்கிறார், சில மாத்திரைகளை அந்த நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். தண்ணிக் கட்டுப்பாடும் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதை உங்கள் அம்மாவுக்குச் செய்யாதீர்கள்.

ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டாயிற்று. மார்புச் சளி ஒன்று போதும், தளர்ந்த இதயத்தைக் கவிழ்த்துவிட. பிரஷர், சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் 2021ல் வந்ததில் இருந்து வீட்டுக்கே வருகிறார்கள், மற்ற மாத்திரைகளில் சிலது முதல்வர் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. முழு உடம்பையும் ஒரே இடத்தில் காட்டலாமென்று கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024ல் திறந்த முதியோர் நல மருத்துவமனைக்கும் அழைத்துப்போனேன். இதயம் ஒருவர், முட்டி ஒருவர், சுகர் ஒருவர் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதுவதில்தான் பயோகிளிட்டசோன் யார் கண்ணிலும் படாமல் ஓடியது. எல்லாச் சீட்டையும் ஒரே கண் பார்ப்பது என்பது இந்த வயசில் பெரிய விஷயம்.

ஒருநாள் செக்கப் முடிந்து ஆட்டோவில் வரும்போது அம்மா சொன்னார். "மறுபடியும் அந்த மாதிரி ஆனா, வாய்ல குழாய் போட்டு வச்சிருக்காதீங்கடா." நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அடுத்த தடவை அவரே டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டார். டாக்டரம்மா அரை மணி நேரம் உட்கார்ந்து, எது திரும்பி வரக்கூடிய நிலைமை, எதில் குழாய் சில நாளைக்கு மட்டும், எதில் வேண்டாம் என்று சொல்லலாம் என்று விளக்கி, அம்மா சொன்னதை எழுதியும் வைத்துக்கொண்டார். நான் வெளியே வராந்தாவில் நின்றிருந்தேன். உள்ளே போக முடியவில்லை.

மாடிப்படிக்கு ஒரு ஏற்பாடு நடந்தது. முதல் மாடிக்காரர் தன் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்துவிட்டார், சொல்லாமலே. அம்மா ஏறி வந்து அதில் உட்காருவார், அந்த வீட்டு அம்மாவோடு ரெண்டு வார்த்தை பேசுவார், அப்புறம் மிச்சப் படி. தினம் அரை மணி நேரம் நடக்கிறார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் அளவு, பேச்சு அறுந்தால் நிற்க வேண்டும். கூடப் போகிறவர்கள் அளந்து சொல்லலாம், அம்மாவுக்குப் பேச்சு லேசில் அறுவதில்லை. பூக்கடையில் ஸ்டூல் கேட்பதில்லை. தலகாணி ஒன்றரைக்கு வந்திருக்கிறது. அரை எப்படி என்று கேட்காதீர்கள், அந்தப் பழைய இலவம்பஞ்சை மடித்து வைப்பதுதான் அரை.

இந்த வருஷமும் ஆடி மூணாவது ஞாயிறு கூழ் ஊற்றினார்கள். கருவாட்டுக் குழம்பு இந்த வருஷமும் அம்மாதான். கருவாட்டை வெந்நீரில் மூணு தடவை ஊற வைத்துப் பிழிந்தார், உப்பை முழுசாகத் தொலைக்க முடியாது என்று அவருக்கே தெரியும். தனக்குக் கூழும் சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். நான் தெருவில் அண்டாவைத் தூக்குகிற வேலையில் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை மிஷினில் 61.9. முந்தின நாள் 61.3.

"கருவாடு எத்தனை சாப்பிட்ட?"

"ஒரே ஒரு துண்டுடா. வாய்க்கு."

"ரெண்டு," என்றாள் என் மனைவி, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே.

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலண்டர் தாளில் 61.9 என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "2" என்று போட்டார்.